பெத்லகேமுக்கு வந்த வாத்துவாய் ஒட்டகம்

யானையைப் படைக்கும்போது கடவுளுக்குத் துதிக்கையில் ஒரு சந்தேகம் வந்திருந்தால், செஞ்சிக்கு இறங்கி வந்து யாகப்பனைத்தான் கேட்டிருப்பார். அவரும், "ஈரம் போதாது சாமி" என்று திருத்தி அனுப்பியிருப்பார்.

மண்சுவர் வைப்பது அவர் பிழைப்பு. பட்டாளத்துக்குப் போய் உயிரோடு திரும்பியதிலிருந்து, அதற்கு நன்றியாக, கிறிஸ்துமஸ்தோறும் கோயில் குடிலுக்கு ஏரிமண்ணில் ஒரு புது மிருகம் செய்வார். நாற்பத்தாறாம் வருடம் ஒட்டகம் என்று முடிவாயிற்று.

பங்குச் சாமியார் அறையைக் கூட்டும் லில்லி படிப்பை ஆறாவதோடு விட்டவள். பதினாறு வயதிலும் குறும்பை விடவில்லை. சாமியாரின் சீமைப் புத்தகத்திலிருந்து ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். மனிதன் பிறக்கும் முன்பே மாண்டுபோன டைனோசர் அது.

"இதான் மாமா ஒட்டகம்."

"வாத்து வாயாட்டம் இருக்குது?"

"தழைய வழிச்சுத் தின்ன. உள்ளார நூறு நூறா பல்லு, அம்மியாட்டம் அரைக்கும். தேஞ்சா அடியிலேர்ந்து புதுசு வந்துடும்." படத்தைப் பற்றிச் சாமியார் அவளுக்குச் சொல்லியிருந்ததில் பொய் கலக்கத் தேவையே இருக்கவில்லை.

"மண்டைக்குப் பின்னால இன்னா, கொம்பா?"

"எலும்புக் குழாய். மூச்சு அதுல சுத்தி வரும். கூட்டத்தக் கூப்புட ஊதுமாம்."

யாகப்பன் சிரிக்கவில்லை. "எவ்ளோ யோசிச்சுப் பண்ணிக்கிறாரு ஆண்டவரு" என்று படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். லில்லியின் சிரிப்பும் வயிற்றிலேயே நின்றுவிட்டது.

மறுநாள், கோயில் காரியங்களைப் பார்க்கும் கோயில்பிள்ளை தோமினிக் வேறு லில்லியிடம் சொன்னார்: "ஒட்டகம் சரியா வரலன்னா, அடுத்த வருசம் புதுச்சேரி பொம்மைதான். யாகப்பனுக்கு வேலை இல்ல."

யாகப்பனின் மண்குழியில் திருடிய மண்ணில் லில்லி இரண்டு நாள் பாடுபட்டு ஓர் ஒட்டகம் செய்தாள். திமில் இல்லாவிட்டால் தவளை என்றே சொல்லலாம். திருவிழாவுக்கு முந்தின நாள் காலை, ஆள் வருமுன், யாகப்பன் செய்து வைத்ததை எடுத்துவிட்டு இதை வைக்கக் கோயிலுக்குள் நுழைந்தாள்.

வைக்கோலில் டைனோசர் குனிந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை எடுத்தாள். மண்டைக்குழாயின் நுனியில் ஓட்டை. ஊதாமல் இருக்க முடியுமா? சங்குபோல ஒரு சத்தம் கிளம்பிக் கோயிலையே நிறைத்தது.

"கூட்டத்தக் கூப்புடுதுன்னு சொன்னது சரிதான்" என்றபடி யாகப்பன் உள்ளே வந்தார்.

"அது ஒட்டகம் இல்ல மாமா. பொய் சொல்லிட்டேன்."

"எகிப்துல ரெண்டு வருசம் ஒட்டகத்துக்குப் பக்கத்துலயே படுத்தெழுந்தவன் நானு. அதோ பாரு."

குடிலின் ஓரம், மண்ணில் அசல் ஒட்டகங்களாகவே இரண்டு மண்டியிட்டிருந்தன.

"அப்ப இத ஏன் செஞ்ச?"

"இப்படி ஒண்ணு இருந்துதுன்னு நீ சொல்லலன்னா எனக்குத் தெரியுமா? அதுவும் வந்து கும்புடட்டும்."

லில்லி ஒரு கையை முதுகுக்குப் பின்னாலேயே வைத்திருந்தாள்.

"கொழந்தையப் பாக்க வந்த ராஜாங்க மூணு பேரு, ஒட்டகம் ரெண்டுதான்" என்றார் யாகப்பன். "ரெண்டு நாளா உன் நகத்துல என் குழி மண்ணு. எடு வெளிய."