வழுக்காத வாத்து

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிறகு எந்த ஊரிலும் நான் நிலைத்து இருந்ததில்லை. லாரி கிளீனர், ஓட்டலில் மாவாட்டுகிறவன், தளவாய்புரத்தில் நைட்டி மூட்டை கட்டுகிறவன் என்று சுற்றிவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வந்து சேர்ந்தேன். எதிலும் நான் கெட்டிக்காரன் என்று யாரும் சொன்னதில்லை. சொன்ன ஒரே இடம், ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த வீடியோ கேம் கடை.

ஒரு கலர் டிவி, அதற்கு முன்னால் ஒரு இரும்பு நாற்காலி, சுற்றிலும் நின்று வேடிக்கை பார்க்கிற கூட்டம். கடைக்கார அண்ணாச்சி வைத்திருந்த சட்டம் ஒன்றுதான்: செத்தவன் எந்திரிக்கணும். திரையில் நம் ஆள் உயிரோடு இருக்கும்வரை நாற்காலி நமக்கு. மற்றவர்கள் ஒரு பீடி இழுக்கும் நேரத்தில் செத்து எழுந்துவிடுவார்கள். நான் மில் லீவு நாளில் பஸ் ஏறி வந்து உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுவேன். துப்பாக்கி ஆட்டம். எந்தப் பாறைக்குப் பின்னாலிருந்து குண்டு வரும் என்பது எனக்கு மனப்பாடம். கட்டைவிரல் காய்த்துப் போயிருந்தது. அண்ணாச்சிக்கும் நஷ்டமில்லை. என்னைப் பார்க்க நிற்கிறவர்கள் சோடா வாங்கிக் குடித்தார்கள்.

ஒரு லீவு நாளில் போனபோது கூட்டம் சந்து வரை நின்றது. எனக்காகத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்து உள்ளே நுழைந்தால், நாற்காலியில் வேறு ஆள்.

பால்கோவா கிண்டுகிறவர். ஐம்பது வயதிருக்கும். அண்ணாச்சி போட்டிருந்தது புதுக் கேசட். ஒரு குண்டு வாத்து பழம் பொறுக்கிக்கொண்டு ஓடும். வழியெல்லாம் வாழைப்பழத் தோல். மிதித்தால் சறுக்கிக்கொண்டு போய்ச் சேற்றில் விழும். எழுந்து பின்பக்கத்தை உதறிவிட்டு மறுபடியும் ஓடும். சாவே கிடையாது. அவர் ஜாய்ஸ்டிக்கை, அடுப்பில் கரண்டி பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். வாத்து விழும்போதெல்லாம், "ஐயையோ, இடுப்பு போச்சே!" என்று தன் இடுப்பைப் பிடித்தார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

"இவரு எப்ப எந்திரிப்பாரு அண்ணாச்சி?"

"இதுல சாவு இல்லைல்லா தம்பி. அதான் சட்டத்த மாத்திட்டேன். சனம் சிரிக்குத வரைக்கும் உக்காரலாம்."

அவர் என்னைவிடக் கெட்டிக்காரராக இருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. விரல் தேயப் பழகி நான் பிடித்த நாற்காலியை, அவர் விழுந்து விழுந்தே பிடித்துவிட்டார்.

"இதெல்லாம் ஒரு ஆட்டமா? பச்சப்புள்ளைகளுக்குப் போட்டுக் காமிங்க" என்று கத்தினேன்.

பால்கோவாக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தம்பி, நீ ஆடுதப்ப இங்கன எழவு வீடு மாதிரில்ல இருக்கு. சோடா ஒடைக்கவே பயமா இருக்குப்பா."

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பும் அவர் கணக்கில்தான் சேர்ந்தது.

"எந்திரிங்க. எப்படி ஆடணும்னு நான் காட்டுதேன்."

அவர் உடனே எழுந்து, தோள் துண்டால் நாற்காலியைத் தூசி தட்டிக் கொடுத்தார். "உக்காருப்பா." அவர் முறைத்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தோல் எங்கெங்கே கிடக்கிறது என்பதை நின்று பார்த்த நேரத்திலேயே மனதில் வாங்கியிருந்தேன். ஒரு பழத்தையும் விடவில்லை. ஒரு தோலையும் மிதிக்கவில்லை. என் வாத்து நேராக ஓடியது, தாண்டியது, மறுபடி ஓடியது. பின்னால் சத்தமே இல்லை. யாரோ கொட்டாவி விட்டார்கள்.

"அண்ணே, கொஞ்சம் விழுந்து காட்டுங்கண்ணே" என்றார் ஒரு ஆட்டோக்காரர். "ஒரே ஒரு தோலு."

விழத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். தோல் பக்கத்தில் வந்ததும் கட்டைவிரல் தானாக அமுக்கித் தாண்டிவிட்டது. அடுத்த தோலிலும் அப்படியே. விழாமல் இருக்க மட்டுமே அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது.

அண்ணாச்சி தோளைத் தொட்டார். "கோவிச்சுக்கிடாத தம்பி. எந்திரி."

"நான் இன்னும் சாகலையே அண்ணாச்சி" என்றேன்.

சிரிப்பில் கடையே அதிர்ந்தது. பால்கோவாக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அண்ணாச்சி, இப்ப சிரிச்சாச்சுல்லா? தம்பி இன்னுங் கொஞ்சம் உக்காரட்டும்" என்று எனக்காக வாதாடினார்.

சட்டப்படி நாற்காலி என்னுடையதுதான். ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். சந்து முனை திரும்பும் முன்பே "ஐயையோ, இடுப்பு போச்சே!" என்று கேட்டது. பஸ்ஸில் ராஜபாளையம் வரும்வரை கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தேன். மில்லில் கணக்கு முடித்து அடுத்த ஊருக்குக் கிளம்பும்வரை அந்தக் கடைப் பக்கம் நான் போகவில்லை. போயிருந்தால் அந்த மனிதர் எனக்கு இடம் விட்டிருப்பார். அதைத்தான் என்னால் தாங்கியிருக்க முடியாது.