முதல் கிளாஸ் புஷ்பத்துக்கு

செல்லச்சாமிக்கு நாக்குதான் சொத்து. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அப்பால் ஒரு வாடகை வீடு, பேராதனை ஆஸ்பத்திரியில் தாதி வேலை பார்க்கும் ஒரு மகள், இந்த நாக்கு. வேறொன்றும் அவர் சேர்த்து வைக்கவில்லை. கண்ணைக் கட்டிவிட்டு ஏழு கிளாஸில் வைன் ஊற்றிக் கொடுங்கள், எது எந்த வருஷத்து அறுப்பு என்று சொல்லிவிடுவார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவனுக்குப் பிரான்ஸ் திராட்சையைப் பற்றி என்ன தெரியும் என்று இளக்காரமாகக் கேட்டவர்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு போயிருக்கிறார்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில், ருசி பார்க்கும் அறையில், கோப்பை கழுவத்தான் முதலில் சேர்ந்தார். பெரியவர்கள் உறிஞ்சித் துப்பிவிட்டுப் போன பிறகு மிச்சத்தை இவரும் உறிஞ்சிப் பார்ப்பார். ஒருநாள், “இந்தக் கோப்பையில லேசா புகை அடிக்குதுங்க” என்று வாயை விட்டுவிட்டார். அறையே திரும்பிப் பார்த்தது. அடித்தது உண்மைதான். அங்கிருந்து ஏறி ஏறி, கண்டி வாவிக்கு மேலே இருக்கிற ஒரு ஹோட்டலுக்கு வந்து, பதினெட்டு வருஷமாக வைன் முழுக்க அவர் பொறுப்பு.

அப்படிப்பட்ட நாக்கு வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா கிடக்குமா? கிடக்காது. இருபத்தேழு வருஷம் அவர் பெண்டாட்டி புஷ்பம் பொங்கிப் போட்டாள். இருபத்தேழு வருஷமும் முதல் வாய் இவருக்குத்தான். “உப்பு கம்மி.” “புளி தூக்கல்.” “மிளகு கருகிப்போச்சு.” அவள் பதில் பேச மாட்டாள். நாக்கை அண்ணத்தில் ஒட்டி ‘ட்ச்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். பிடித்த புளிப்பைத் தின்றாலும் அதே சத்தம்தான் வரும். உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட அம்பரெல்லாக் காய் என்றால் உயிரை விடுவாள்.

ஒரு தரம் ஹோட்டலில் மிஞ்சிய வெள்ளை வைன் கொஞ்சம் வீட்டுக்கு வந்தது. “என்னங்க, நானும் ஒரு வாய் பாக்கவா?” என்று கேட்டாள். “ஒனக்கு என்ன தெரியும் இதப்பத்தி?” என்று சொல்லிவிட்டு இவரே குடித்தார். பாவி மனுஷன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. போன வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள்.

முதல் வருஷத் திவசம் வந்தது. செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கி, வாழையிலையில் போட்டு, படத்துக்கு முன்னால் படைக்க வேண்டும். படைக்கும் முன்னால் ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது. வைத்தால் எச்சில். லயத்தில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். செல்லச்சாமிக்கும் தெரியும். ஆனால் ஆட்டுக்கறிச் சட்டியைக் கண்டதும் கை தன்பாட்டில் கரண்டியை எடுத்தது, வாய் உறிஞ்சியது, நாக்கு சொன்னது: “உப்பு கம்மி.”

“அப்பா!” மகள் கிருஷாந்தி கையிலிருந்த தேங்காயைக் கீழே போட்டுவிட்டாள். “ருசி பாத்துட்டீங்களா?”

வேறு கறி ஆக்க நேரமில்லை. கொஞ்சம் உப்பைத் தூவி அதையே படைத்தார்கள்.

மறுநாள் காலைத் தேநீரில் ருசி இல்லை. இனிப்பு இல்லை, துவர்ப்பு இல்லை, ஒன்றுமில்லை. சுடுதண்ணீர்தான். மத்தியானம் ஹோட்டல் சோறும் அப்படியே. சரி, காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்தார். மூன்றாம் நாளும் அதே கதை. வெளியே சொல்லவும் பயம். ருசி தெரியாத வைன்காரனை எந்த ஹோட்டல் வைத்துக்கொள்ளும்? மகளிடம் மட்டும் சொன்னார்.

தாதி இல்லையா, அவள் சோதித்தே பார்த்தாள். ஒரே கேத்தலிலிருந்து இரண்டு கோப்பை ஊற்றினாள். தன் கோப்பையை அவருக்குக் கொடுத்தாள். தித்தித்தது. நாக்குக்கு ஒரு கேடும் இல்லை. பிறகு அவர் கோப்பையை எடுத்துத் தானே ஒரு மிடறு குடித்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

“தண்ணி மாதிரி இருக்குப்பா.”

இருவரும் கோப்பையைப் பார்த்தார்கள். அவள் குடித்த ஒரு மிடறு போக, தேநீர் ஊற்றியபடி இருந்தது. விளிம்பில் இன்னோரிடத்தில், வேறொரு உதடு பட்ட மாதிரி, ஈரம். கிருஷாந்தி குடித்தது இந்தப் பக்கம். அந்த ஈரம் இருந்தது எதிர்ப்பக்கம்.

“அம்மாதான்ப்பா” என்றாள் மெதுவாக. “நீங்க அவங்களுக்கு முந்தி சாப்பிட்டீங்க. இப்ப அவங்க ஒங்களுக்கு முந்தி சாப்பிடுறாங்க.”

“ஆஸ்பத்திரியில வேல பாக்குற புள்ள பேசுற பேச்சா இது!” என்று சீறினார். அப்போது படம் இருந்த பக்கத்திலிருந்து மெதுவாக, ‘ட்ச்.’

பல்லி என்று சொல்லலாம். இரண்டு பேரும் சொல்லவில்லை.

அந்த வாரம் பார்த்துத்தானா அந்தச் சோதனை வர வேண்டும்! ஹோட்டலின் சாப்பாட்டு மனேஜர் நிரஞ்சன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவன். “அண்ணை, கொழும்பு ஆக்கள் ஷப்லி அனுப்பியிருக்கினம். இருபத்தொண்டு, இருபத்திரெண்டு, இருபத்திமூண்டு, மூண்டு வருஷத்துச் சரக்கு. வாற சீசனுக்கு ஒண்டைத்தான் எடுக்கலாம். வெள்ளிக்கிழமை நானும் கூட இருக்கிறன், ருசி பாத்துச் சொல்லுங்கோ.”

ஷப்லி என்பது இனிப்பே இல்லாத வெள்ளை வைன். மூன்றும் ஒரே தோட்டம், ஒரே திராட்சை. வித்தியாசம் அந்தந்த வருஷத்து வெயிலிலும் பனியிலும்தான். மயிரிழை வித்தியாசம். ஊகித்துச் சொல்லித் தப்ப முடியாது. வெள்ளிக்கிழமையோடு வேலை போகும் என்று செல்லச்சாமி முடிவே கட்டிவிட்டார். இரண்டு நாள் யோசித்து ஒன்று செய்தார்.

வெள்ளி காலை, புத்தர் பல் இருக்கிற தலதா மாளிகையிலிருந்து பூசை மேளம் கேட்கிற நேரம், சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்கு முதல் ஆளாகப் போனார். போத்தல்களைத் திறந்தார். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஜன்னலோரத்தில் மூன்று கிளாஸ் வைத்து வருஷ வரிசையில் ஊற்றினார்.

“புஷ்பம், இது ஒனக்கு. நான் வாய் வைக்கல. அன்னிக்கு நீ கேட்டே, நான் தரல. தப்புதான். மொதல்ல நீ பாரு.”

அறையில் அவள் தலையில் வைக்கிற தேங்காயெண்ணெய் வாசம் வந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் மேசையில் தனக்கும் நிரஞ்சனுக்கும் ஊற்றினார்.

நிரஞ்சன் வந்து உட்கார்ந்தான். செல்லச்சாமி கண்ணை மூடிக்கொண்டு இருபத்துமூன்றை உறிஞ்சினார். ருசித்தது! மெதுவான, வட்டமான ஆப்பிள் ருசி. வாயில் வந்த வேகத்தில் போய்விட்டது. இருபத்திரண்டு வெயில் குடித்த வருஷம். பழுத்த பேரிக்காய், தாராளம். இருபத்தொன்று கறார் ஆசாமி. அந்த வருஷம் அங்கே உறைபனி விழுந்து துளிரெல்லாம் கருகியதாம், கொடிகளுக்கு நடுவே நெருப்பு மூட்டியும் பாதிதான் மிஞ்சியதாம். எலுமிச்சைத் தோல், மழை பட்ட கருங்கல், பல்லைக் கூச வைக்கிற புளிப்பு. ஒவ்வொன்றையும் துப்பிவிட்டு வாயைத் துடைத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“இருபத்திரண்டுதான் சேர். வர்றவங்களுக்கு அதுதான் புடிக்கும்.”

“ஓம், எனக்கும் அப்பிடித்தான் படுது. எதுக்கும் இன்னொருக்காப் பாப்பம்.” நிரஞ்சன் எழுந்து போய் ஜன்னலோரத்துக் கிளாஸ் ஒன்றை எடுத்துவிட்டான். இவர் தடுப்பதற்குள் குடித்தும் விட்டான். “என்ன அண்ணை இது? தண்ணியெல்லோ ஊத்தி வச்சிருக்கிறியள்?”

செல்லச்சாமி பக்கத்தில் போய்ப் பார்த்தார். மஞ்சள் நிறம் அப்படியே இருந்தது. எடுத்தது வரிசையில் முதல் கிளாஸ், இருபத்தொன்று. மற்ற இரண்டையும் குடித்துப் பார்த்தார். ஊற்றிய ருசி ஊற்றியபடி இருந்தது. முதலாவதில் மட்டும் எலுமிச்சையும் இல்லை, கல்லும் இல்லை, புளிப்பும் இல்லை. காதுக்குப் பக்கத்தில் ‘ட்ச்’ என்று சத்தம் கேட்டது. நிரஞ்சனும் திரும்பிப் பார்த்தான்.

“இருபத்தொன்னு எடுங்க சேர்.”

“இப்பதானே இருபத்திரெண்டு எண்டு சொன்னனீங்கள்?”

“அது என் ருசிக்கு. நம்ம காரத்துக்கும் எறால் பொரியலுக்கும் முன்னால இருபத்திரண்டு படுத்துரும். இது நிக்கும்.” சொல்லச் சொல்லத்தான் அது உண்மை என்று அவருக்கே உறைத்தது. ஒனக்கு என்ன தெரியும் என்று கேட்ட வாய்!

வேலை போகாமல் தப்பியது. அன்று சாயங்காலம், மகள் வருவதற்கு முன்னால், செல்லச்சாமி தானே ஒரு கோழிக்கறி ஆக்கினார். கரண்டி பக்கம் போன கையை மூன்று தரம் இழுத்துக்கொண்டார். உப்புப் பார்க்காமலே ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டு, படத்துக்கு முன்னால் வைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

பிறகு சட்டியிலிருந்து தனக்குப் போட்டுக்கொண்டு ஒரு வாய் வைத்தார். தூவென்று துப்பினார். பதற்றத்தில் உப்பை இரண்டு தரம் அள்ளிப் போட்டிருக்கிறார், மனுஷன் வாயில் வைக்க முடியாது. ஐயோ, இதையா அவளுக்குப் போட்டேன் என்று பதறிப்போய்ப் படத்துக்கு முன்னாலிருந்த தட்டை எடுத்தார். அதே கறிதான். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

ஒரு கல் உப்பு இல்லை. எலும்பு வரை, கடைசிப் பருக்கை வரை, ருசி ஒன்றும் மிச்சமில்லாமல் தின்றிருந்தாள்.

‘ட்ச்’ என்று ஒரு சத்தமாவது வரும் என்று வெகுநேரம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் குறையே சொல்லவில்லை. செல்லச்சாமி அந்தத் தட்டோடு தரையில் உட்கார்ந்து, ருசியில்லாத அந்தச் சோற்றை அழுதுகொண்டே தின்று முடித்தார்.