வெளுக்காத பலகை

செயின்ட் லூயிஸ்காரர்கள் யாரைப் புதிதாகப் பார்த்தாலும் முதலில் கேட்பது, எந்த ஸ்கூலில் படித்தீர்கள் என்பதைத்தான். மிசிசிப்பிக் கரையில் பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கேட்டபோது, சும்மா கிள்ளிய ஊமத்தை இலை ஒன்று என் விரல்களில் கசங்கிக்கொண்டிருந்தது.

குமட்டும் அந்தப் பச்சை வாடைதான் நகரிப் பக்கம் இருந்த எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமைதோறும் ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். ஆந்திரா, மதராஸ் என்று எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் ஆந்திராவுக்குப் போக, எங்கள் வாத்தியாரை மதராஸ் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

"வேற வாத்தியாரு வருவாரு. அதுவரிக்கும் பலகை வெளுக்காம பாத்துக்கினு இருங்க, பசங்களா" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

யாரும் வரவில்லை. எழுத ஆளில்லாத பலகையில் கருப்பின்மேல் கருப்பு ஏறி, வெயிலில் பொருக்கு பொருக்காக உதிர, நாங்கள் மறுபடி அரைத்து மறுபடி பூசினோம்.

"இன்னிக்காவது வருவாரா நைனா?"

"வருவாரு, துன்னுட்டுப் போ" என்பார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

கடைசியில் தெலுங்கு வகுப்புக்கென்று அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே ஓடி அந்த வகுப்பின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை நாள் நாங்கள் கருப்பாக்கி வைத்திருந்த பலகையில் விழுந்த முதல் எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியவில்லை.