அழுகிய முட்டை வாடை தெரியாத வீடு

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. விளக்கேற்றித் திருநீறு பூசிக்கொண்டு, காலை ஏழு மணிக்கு அரிமளத்தில் பேருந்து ஏறினேன். புதுக்கோட்டைக்கு இருபது கிலோமீட்டருக்குப் பக்கம். அங்கிருந்து ஆலங்குடி இன்னொரு இருபது. அதற்கும் கிழக்கே ஒரு சிற்றூரில்தான் என் ஒரே மகள் சிவகாமியைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் போனபின் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்குப் பூத்தொடுக்க ஆளில்லை. கடைப்பூதான் சாமிக்கு.

இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்து வருவதுதான் எங்கள் முறை. நான் அதற்கு முன்பே கூட்டிவந்துவிடும் எண்ணத்தோடு கிளம்பியிருந்தேன்.

காரணம் அவள் ஊரில் இருக்கும் ஒரு கிணறு. தண்ணீர்க் கிணறு அல்ல, எரிவாயுக் கிணறு. கந்தகம் கலந்த வாயுவாம். மூடிக்கிடந்ததை இந்த மாதம் திறந்து சோதிக்கிறார்கள். அழுகிய முட்டை போல வாடை வந்தால் தெரிவிக்கவும் என்று வேலியில் எண்ணோடு பலகை மாட்டியிருக்கிறார்கள். சில நாளாக வாடை வந்து, கண் எரிந்து, தலை வலிக்கவும் சிவகாமி அந்த எண்ணுக்குப் பேசியிருக்கிறாள். “அழுகிய முட்டை வாடையா, வேற வாடையா?” என்று கேட்டார்களாம். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ‘வேறு வாடை’ என்று எழுதிக்கொண்டு வைத்துவிட்டார்கள்.

“அழுகுன முட்டை எப்புடிப்பா நாறும்?” என்று போனில் என்னிடம் கேட்டாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? அவளுக்குப் பிறந்த வீடும் சைவம், புகுந்த வீடும் சைவம். முட்டை எங்கள் வாசல்படி ஏறியதில்லை.

ஆலங்குடியில் இறங்கியதும் ஒரு மளிகைக் கடைக்குப் போனேன். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, கெட்டுப்போன முட்டை கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் என் நெற்றியைப் பார்த்தார்.

“திருஷ்டி கழிக்கவா? அதுக்கு நல்ல முட்டையே போதுங்க.”

“இல்லைங்க, கெட்டதுதான் வேணும்.”

“எங்க கடையில கெட்ட முட்டை விக்கிறோம்னு யாரு சொன்னா ஒங்களுக்கு?”

குரல் உயர்ந்தது. நாலு பேர் திரும்பினார்கள். ஆட்டோவில் ஏறிவிட்டேன். நூற்று இருபது ரூபாய் கேட்டார் ஓட்டுநர். பேரம் பேசும் நிலையில் நான் இல்லை. தென்னந்தோப்பும் முந்திரிக் கொல்லையும் மாறி மாறி வந்தன. ஓரிடத்தில் மரங்களுக்கு மேலே உயரமான கம்பத்தில் காவி நிறத்தில் துணி பறந்தது. கோயில் கொடி என்று கைகூப்பினேன்.

“ஐயா, சாமி அங்கிட்டு இல்லைங்க. கேஸ் கெணறு. காத்து எங்கிட்டு அடிக்குதுன்னு பாக்கக் கட்டியிருக்காக” என்றார் ஓட்டுநர். கூப்பிய கையைக் கீழே போட எனக்கு வெட்கமாயிருந்தது.

கம்பத்தில் காற்றடைத்து உப்பிய அந்தத் துணிப்பை கிழக்கு நோக்கி நீண்டிருந்தது. கிழக்கேதான் என் மகள் வீடு.

வாசலில் நின்ற சிவகாமியின் கண்ணோரம் சிவந்திருந்தது. வயிறு மேடிட்டுவிட்டது. மாப்பிள்ளை தண்ணீர் கொடுத்தார். “கூடப் படிச்சவன்ல பாதிப்பேரு அங்கதான் வேலை பாக்குறான் மாமா. வாடைன்னு சொன்னா, எங்க பொழப்பக் கெடுக்காதேங்குறான்” என்றார். அவர் பேசும்போதே ஏதோ ஒன்று மூக்கில் ஏறித் தொண்டையில் நின்றது. எனக்கும் அதற்குப் பெயர் தெரியவில்லை.

“ஊருக்கு வந்துரும்மா” என்றேன். அவள், “பஞ்சவர்ணம் அக்காகிட்டக் கேப்போம்ப்பா, அது கோழி வளக்குது” என்று செருப்பை மாட்டினாள்.

மாப்பிள்ளை கொல்லையில் கடலை பறிக்க வருகிறவள் பஞ்சவர்ணம். வீடு கிணற்றுக்கு மேற்கே. நாங்கள் போனபோது இடுப்பில் பெண்குழந்தையோடு கோழிக்குத் தீவனம் இறைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

“கூமுட்டையா? பெருசா ஒண்ணு கட்டில்ல படுத்துக் கெடக்கு, எம் புருசன். அதக் கொண்டுட்டுப் போறீங்களா ஐயா?”

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. “காதுல விழுந்துருச்சு” என்று இன்னும் சிரித்தாள். அடைவைத்ததில் பொரிக்காமல் போன முட்டை ஒன்றை எடுத்துவந்து, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கல்லில் தட்டினாள்.

நான் சிவ சிவா என்று துண்டால் மூக்கைப் பொத்தினேன். சிவகாமி வேலியைப் பிடித்துக்கொண்டு குமட்டினாள். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

“இதேதான்ப்பா. இதே வாடைதான்.”

அங்கேயே நின்று அந்த எண்ணுக்குப் பேசினாள். “அழுகுன முட்டை வாடைதாங்க. நல்லாத் தெரியும். இப்பத்தான் மோந்து பாத்தேன்.” எதிர்முனையில் நிறையக் கேட்டார்கள். கருவியோடு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்களாம், என்றைக்கென்று சொல்லவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் மறுபடி கேட்டேன். “அம்மா ஒன்னையவே நெனச்சுக்கிட்டிருக்கா. துணிமணிய எடுத்து வையி, தாயி.”

“அவுங்க வர்றப்ப நான் இல்லாட்டி, திரும்பவும் வேற வாடைன்னு எழுதிட்டுப் போயிருவாங்கப்பா. இங்கிட்டு வேற யாரும் பேச மாட்டேங்குறாங்க. அளந்து பாக்கட்டும், நானே வாரேன்.”

வாடைக்குப் பெயர் தேடிக் கொடுத்ததே நான்தான். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றுவிட்டாள். அவள் பையும் சேர்த்துத் தூக்கும் நினைப்பில் வந்த கை, வெறுமனே பேருந்துக் கம்பியைப் பிடித்தது.

புதுக்கோட்டையில் ஊர்ப் பேருந்துக்குப் போக மனமில்லை. அச்சுவெல்லம் வாங்கிக்கொண்டு திருக்கோகர்ணம் போனேன். தொலைந்த பொருள் கிடைக்க அம்மனுக்கு வெல்லம் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் வேண்டுதல் தலைகீழானது: தாயே, அந்த வாடையைத் தொலைத்துக்கொடு.

சந்நிதிக்கு வெளியே வரிசையில் நிற்கும்போதே போன் அடித்தது. சிவகாமி.

“அப்பா, வாடையே இல்லப்பா இப்ப. கடல்காத்து திரும்பிருச்சு. சன்னலெல்லாம் தெறந்து வச்சிட்டேன்.”

அம்மா தாயே என்று கண்ணை மூடப் போனேன். முழுவதும் மூட முடியவில்லை. கடல் கிழக்கே இருக்கிறது.

“பஞ்சவர்ணம் வீட்டுப் பக்கமாம்மா காத்து போகுது?”

“ஆமாப்பா. அக்கா இப்பத்தான் பேசுச்சு. புள்ளையத் தூக்கிட்டு இங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்.”

வரிசை நகர்ந்து அம்மன் முன்னால் வந்துவிட்டேன். எந்தப் பக்கம் காற்றைக் கேட்பது? வெல்லத்தை மட்டும் தட்டில் வைத்தேன். குருக்கள், “யார் பேருக்கு அர்ச்சனை?” என்றார். மகள் பெயரைச் சொன்னேன். அவர் திரும்புமுன், “பஞ்சவர்ணம் பேரும் சேத்துக்குங்க” என்றேன்.

நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன்.