ஏழு முறையும் பூ

தாராவியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள், காசை இருபது முறை சுண்டி, பூவா தலையா என்று எழுதிவரச் சொன்னேன்.

மறுநாள் எல்லார் நோட்டிலும் பூவும் தலையும் மாறி மாறி அழகாக வந்திருந்தன. ஜமீலாவின் நோட்டில் மட்டும் தொடர்ந்து ஏழு பூ.

"வாய்க்கு வந்ததை எழுதினியா? பொய் சொல்லக் கூடாது" என்று, எல்லார் முன்னாலும் சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

அவள் அழவில்லை. "நெசமாத்தான் டீச்சர். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. உம்மாவக் கூப்பிட்டுக் காட்டுனேன்" என்றாள்.

பின்வரிசையிலிருந்து செல்வம் மெல்ல எழுந்தான். "டீச்சர், நாந்தான் சுண்டவே இல்ல. சும்மா யோசிச்சு எழுதுனேன்."

"நானும் டீச்சர்." இன்னும் ஐந்தாறு கைகள் உயர்ந்தன.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஜமீலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு எல்லாரும் தரையில் உட்கார்ந்து நிஜமாகவே சுண்டினோம். செல்வத்துக்குத் தொடர்ந்து ஐந்து தலை விழுந்தது.

"அரே, டீச்சர், பாருங்க!" என்று கத்தினான்.

இப்போதெல்லாம் ஒரு பிள்ளை நம்பமுடியாத எதையாவது சொன்னால், "அப்படியா, அப்புறம் என்ன ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.