பொன்னிறக்காரரின் கண்

எங்கள் தெருக் கத்திப் பட்டறைக்காரருக்குப் பொன்னிறக்காரர் என்று பட்டப்பெயர். ஆள் என்னவோ அடுப்புக்கரிக்கு அண்ணன். பெயர் வந்தது தொழிலால்.

கத்தியைச் செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கண்ணாடி மாதிரி கடினமாகும். கண்ணாடி மாதிரியே உடையவும் செய்யும். அதனால் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகை மட்டும் சுடுகிற இரும்புக் கட்டிமேல் வைப்பார். சூட்டில் பொன்னிறம், பழுப்பு, நீலம் என்று நிறங்கள் கிளம்பி முதுகிலிருந்து கூர்ப்பக்கம் நோக்கி நகரும். கூர்ப்பக்கத்தைப் பொன்னிறம் தொடும்போது முதுகு நீலமாகியிருக்கும். உடனே தண்ணீரில் போட வேண்டும். அப்போதுதான் கூர் மழுங்காது, முதுகு உடையாது. அந்த நீலத்தைத் தேய்க்காமல் விடுவார். அதுதான் அவர் முத்திரை. அவர் கத்தியைக் கண்டால் வெங்காயம் பயந்துபோய்த் தானே தோலுரித்துக்கொள்ளும்.

ஒருநாள் அவர் மனைவியின் தம்பி, கறிக்கடைக்காரர், கன்னத்தில் துணியை அழுத்திக்கொண்டு வந்தார்.

"என்ன மாமா கத்தி குடுத்தீங்க? எலும்புல பட்டதும் பிஸ்கட் மாதிரி பொட்டுன்னு போச்சு!"

"நீ எலும்பை வெட்டினியா, கருங்கல்லை வெட்டினியா மாப்ளே?"

"சிரிக்காதீங்க. துண்டு கண்ணுக்குக் கீழ பாஞ்சிருக்கு. கொஞ்சம் மேல போயிருந்தா?"

துணியில் ரத்தத்தைப் பார்த்ததும் பொன்னிறக்காரர் சிரிப்பு நின்றது. மனைவி உடைந்த துண்டை வாங்கிப் பார்த்தார்.

"முதுகுல நீலமே ஏறலைங்க. பாதியிலயே எடுத்திருக்கீங்க."

"கூர்ல பொன்னிறம் வந்துச்சே! பார்த்துதானே எடுத்தேன்?"

"வெள்ளைத் தலையணை உறையைப் பார்த்து ஏன் மஞ்சளா வாங்கினேன்னு கேட்டீங்க. கிண்டல்னு நெனச்சேன். உங்களுக்கு எல்லாமே மஞ்சளாத்தான் தெரியுது போல. கண்ணுல புரை விழுந்திருக்கு."

கண்ணில் கத்தி வைப்பார்கள் என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத கத்திக்காரர் அவர். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எங்க போறீங்க?"

"இன்னும் எத்தனை வீட்ல என் கத்தி இருக்கோ. யாரு கண்ணு போகுமோ."

வீடு வீடாக ஏறி, "கத்தில தப்பு. குடுங்க, சரி பண்ணித் தரேன்" என்றார். புகழைத் தவிர வேறெதுவும் கேட்டுப் பழகாத காதில் அன்று நிறைய விழுந்தது. திட்டைக் கேட்டபடியே கத்திகளை வாங்கிச் சாக்கில் போட்டார். காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு மச்சான்தான் சாக்கைச் சுமந்தார்.

மறுநாள் ஒரு கத்தியைக் காய்ச்சி முக்கி, தேய்த்து, கட்டிமேல் வைத்தார். பக்கத்தில் மனைவி.

"வந்துருச்சு," என்று இடுக்கியை நீட்டினார்.

"வரலை. கையை எடுங்க."

"எனக்குத் தெரியுதே!"

"தெரியறதுதாங்க வம்பு. வெங்காயமா இருந்தா இன்னும் பொன்னிறமா வதங்கவே ஆரம்பிக்கலை."

வாழ்நாள் முழுக்கத் தன் கண்ணை மட்டுமே நம்பியவர் அந்தக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்போ!"

தண்ணீர் சீறியது. மச்சான் கொண்டுவந்திருந்த எலும்பை எடுத்துக் கட்டைமேல் வைத்தார்.

"குடுங்க மாமா, நான் வெட்டறேன்."

"வேணாம். உடைஞ்சா இந்தத் தடவை எனக்குப் படட்டும். நீ தள்ளி நில்லு."

ஓங்கி வெட்டினார். எலும்பு இரண்டானது. கத்தியை விரலால் கூர் நெடுகத் தடவினார். முழுசாக இருந்தது. அதை மனைவியிடம் நீட்டினார்.

"நீலம் ஏறியிருக்கா?"

"நல்லா ஏறியிருக்கு."

சாக்கில் மிச்சம் கிடந்த கத்திகளைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"இதையெல்லாம் நீ பக்கத்துல நின்னு சொல்லு, முடிச்சுக் குடுத்துடுவோம். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றார். "அவங்க கத்தி யாரு காய்ச்சினதுன்னு மட்டும் கேட்டுக்கோ."