எங்கள் மொட்டை மாடியில் ஓடிய படம்

ஆறு வயதில் வந்த காய்ச்சலோடு என் தங்கச்சிக்குக் காது கேளாமல் போனது. அதன்பிறகு நாங்கள் இருவரும் கையாலேயே கதைத்து வளர்ந்தோம். சினிமா என்றால் அவளுக்குப் பிடிக்காது. "சும்மா வாயை ஆட்டிக்கொண்டு நிக்கிறாங்கள்" என்று கையால் சொல்லிக் காட்டுவாள்.

போன மாரியில், துறைமுகம் முழுக்க மழை இறங்கிக் கிடந்த ஒரு பகலில், அவள் நூலகத்தில் எடுத்துவந்த பழைய நாவலொன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். ஆற்றில் தோணி விடும் ஒரு விதவையின் கதை. தினமும் அக்கரைக்குப் போகும் கணக்கப்பிள்ளைமேல் அவளுக்கு விருப்பம். அதைச் சொல்லாமலே அவரை ஏற்றி இறக்குகிறாள். போனில் தேடிய எனக்கு, அந்தக் காலத்திலேயே அதைப் பேசாத படமாக எடுத்திருந்தார்கள் என்று தெரிந்தது.

தங்கச்சி புத்தகத்தை மூடினாள். "பேசாத படமோ? காட்டு."

"ஏலாது. சுருளெல்லாம் எரிஞ்சு போச்சாம். ஒண்டும் மிஞ்சேல்லை."

அவள் முகம் மாறியது. "எனக்கெண்டு ஒரு படம் இருந்திருக்கு. அதையும் எரிச்சுப்போட்டாங்கள்."

நானே கொளுத்தியதுபோல என்னோடு கதைக்காமல் திரிந்தாள்.

மழை விட்ட ஒரு பின்னேரம் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினாள். அவளுக்குப் பின்னால் துறைமுகத் தண்ணீர் அசைவில்லாமல் வெளிறிக் கிடந்தது. இல்லாத துடுப்பொன்றை அவள் கையில் எடுத்து வலித்தாள். அவளுடைய தோளில் ஆற்றின் பாரம் தெரிந்தது. கணக்கப்பிள்ளை ஏறியபோது தோணி ஒருபக்கம் சாய்ந்ததை அவள் இடுப்பில் கண்டேன். அவர் மறந்துவிட்டுப்போன குடையை விரித்து, அதன்கீழ் தனியே இருந்தாள். ரோட்டில் ஓடிய ஓட்டோக்களின் சத்தம் எப்போது எனக்குக் கேட்காமல் போனது என்று தெரியவில்லை. நானும் தண்ணீரில் மெல்லப் போய்க்கொண்டிருந்தேன்.

கடைசியில், நடு ஆற்றில், அவள் துடுப்பைக் கைவிட்டாள். கரை விலகிப் போனது. இருவரையும் சுமந்த தோணி கடலைப் பார்த்து மிதந்தது.

"புத்தகத்தில அப்பிடி இல்லையே. அவர் மாற்றலாகி ஊரைவிட்டுப் போறார் எண்டுதானே இருக்கு" என்றேன்.

"படத்தில இப்பிடித்தான். நீ பாத்தனியோ, அக்கா?"

"இல்லை."

"அப்ப பேசாமல் இரு."

அடுத்த வெள்ளிக்கிழமை மூதூரிலிருந்து அவளுடைய சிநேகிதி வந்தாள். அவளுக்கும் காது கேளாது. படத்தைப் பார்த்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, தோணிக்காரிக்கு முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். கணக்கப்பிள்ளை இப்படி நின்றிருக்க மாட்டார் என்று தங்கச்சி கையை வீசிச் சண்டை பிடித்தாள். இருவரும் முதலிலிருந்து தொடங்கினார்கள். நான் தேத்தண்ணி போடக் கீழே இறங்கினேன்.